மச்சானும் நானும் ஒரு உள்ளானும்

எனக்குக் குருவி, கொக்கு எதுவும் பிடிக்காது. பிடிக்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு புத்தகத்தை மூடி, வெலிமடைச் சந்தையில் பிறத்தியார் மூட்டையைச் சுமந்து, கடைசியில் சொந்தமாகக் காணியும் லொறியும் வாங்கியவன் நான். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. கை கொடுக்கிறேன் என்று வந்தவர்களும் என் சட்டைப்பையில்தான் கையை விட்டார்கள். இப்படி மேலே வந்தவனுக்கு ஆகாயத்தைப் பார்க்க நேரம் ஏது? மண்ணைப் பார்த்தேன். விலையைப் பார்த்தேன். எதிரில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்து அவன் என்ன நினைக்கிறான் என்று கண்டுபிடித்தேன். அதில் நான் ஏமாந்தது ஒரே ஒரு ஆளிடம். அவன் என் மச்சான், என் வீட்டுக்காரியின் தம்பி.

என் காணி மேட்டில் இருக்கிறது. அவன் காணி பள்ளத்தில். நடுவில் ஒரு குளம். குளம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், ஊற்றுத் தண்ணீர் தேங்கி நிற்கிற இடம். ஒரு பக்கம் புல், ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் சேறு. அது என் காணி உறுதிப் பத்திரத்திலும் இல்லை, அவன் உறுதியிலும் இல்லை. அரசாங்கத்து நிலம். பள்ளத்துக் காணி விலைக்கு வருகிறது என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். லயத்தில் கிடந்தவனை வரச் சொல்லி, விற்கிறவரிடம் பேசி முடித்துக் கொடுத்து, முதல் போகத்துக்கு விதைக்கிழங்கும் கொடுத்தேன். என்னைப்போல நாலு பேர் இருந்தால் இந்த ஊவா மாகாணத்தில் ஒருத்தனும் லயத்தில் படுத்திருக்க மாட்டான். ஆனால் அவனைப்போல ஒருத்தன் இருந்தால் போதும், கொடுத்தவனுக்குப் புத்தி வந்துவிடும்.

மாரி மழை முடியும்போது என் மேட்டில் கரட் பிடுங்குவோம். பிடுங்கிய கரட்டை மண்ணோடு சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் குளத்தங்கரையில் வெட்டிய குழியில் கொட்டி, தண்ணீர் விட்டு, காலால் மிதித்துக் கழுவுவோம். கரட் ஒன்றோடொன்று உரசிப் பளபளவென்று வரும். கழுவின சேறெல்லாம் குளத்து ஓரத்தில் போய்ப் படியும். அந்தச் சேற்றில்தான் அந்தக் குருவி நிற்கும்.

கைக்குள் அடங்கிவிடும் அளவு. முதுகு மண் நிறம், வயிறு வெள்ளை. நிற்கிற இடத்தில் சும்மா நிற்காது. பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும், ஏதோ எங்களைப் பார்த்து நையாண்டி பண்ணுகிற மாதிரி. நாங்கள் கிட்டே போனால் மெல்லிசாக ஒரு விசில் அடித்துவிட்டு, தண்ணீரை ஒட்டினாற்போலப் பறந்து, அடுத்த கரைக்குப் போய் அங்கேயும் ஆட்டும். கரட் கழுவுகிற ஒவ்வொரு தடவையும் அது இருந்தது. நான் கழுவிய சேற்றில் புழு பொறுக்கித் தின்று உடம்பு வளர்த்தது. குளத்தில் தவளை இருக்கிற மாதிரி இதுவும் அங்கேயே கிடக்கிற சீவன் என்று நினைத்தேன்.

வெயில் காலத்தில் நான் குளத்தங்கரைக்கு இறங்குவதில்லை. கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கிற அந்த மாதங்களில் மேட்டில் லீக்ஸ் போட்டிருப்பேன். குளத்தில் ஹோஸைப் போட்டு, பம்ப்பை மேலேயே வைத்து, மேலிருந்தே தண்ணீர் இழுப்பேன். மச்சான் பள்ளத்தில் நெல் அறுத்த வயலிலே கிழங்கு போடுவான். அவனும் ஒரு சின்ன பம்ப் வைத்திருந்தான். இரண்டு பேருக்கும் போதுமான தண்ணீர் இருந்த வரைக்கும் நாங்கள் சொந்தக்காரர்களாக இருந்தோம்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் மழை பொய்த்தது. ஆனி மாதத்திலேயே குளம் பாதியாகிவிட்டது. ஒரு நாள் காலையில் மச்சான் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தான், மண்ணு வெட்டுற பெக்கோ மெசினுக்குச் சொல்லியிருக்கேன். குளத்துக் கரைய வெட்டி ஒரு குழாய் போட்டுக்கிறேன்."

"எந்தக் கரைய?"

"கீழ்க் கரையத்தான். மேல் கரைய வெட்டினா தண்ணி மேல ஏறுமா?"

"கீழ வெட்டினா மொத்தமும் உன் காணிக்குப் போயிரும்."

"தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும். நான் போகச் சொன்னேனா?"

என் லீக்ஸ் அப்போது சுட்டுவிரல் தடிப்புக்கு வந்திருந்தது. தண்ணீர் நின்றால் போகம் முழுக்கப் போய்விடும். அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் வந்து நிற்கிறான்.

"விதைக்கிழங்கு கொடுத்தவன் நான்டா," என்றேன்.

"அதத் தின்னு செரிச்சாச்சு அத்தான். இன்னும் எத்தனை வருசத்துக்கு ஏப்பம் விடணும்?"

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி வந்தாள். "தம்பி, டீ குடிச்சிட்டுப் பேசு," என்றாள். அவன் குடிக்காமல் போனான். அவள் என்னைப் பார்த்து, "குளம் யாருக்கும் சொந்தமில்லைன்னு தெரிஞ்சே ரெண்டு பேரும் கட்டிப் புரளுறீங்க," என்றாள். பிறந்த வீட்டுப் பக்கம் சாய்கிற பேச்சு அது.

அந்த வாரம் எல்லவுக்கு மரக்கறி ஏற்றிப்போனேன். அங்கே வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதிக்கு நான்தான் கோவா, போஞ்சி எல்லாம் கொடுக்கிறேன். சமையல்காரர் எங்கள் தோட்டத்து ஆள், வேதக்காரர். சுவரில் குருவிப் படமாக ஒட்டியிருந்தார்கள். அதில் என் குளத்துக் குருவியும் இருந்தது. "இதப் பாக்கவா காசு செலவழிச்சு வாறாங்க?" என்று கேட்டேன். "இதுக்காக விடியக்காலம் எழும்பிப் போறாங்க," என்றார் அவர். "குருவி நிக்கிற எடத்துல பெக்கோ போட்டா பதுளை வனசீவராசி ஆபீஸ்ல இருந்து வந்து நிப்பாட்டிருவாங்க. இங்க ஒரு ஓட்டல்காரனை நிப்பாட்டினாங்க."

படித்தவன் பத்துப் புத்தகம் புரட்டிக் கண்டுபிடிப்பதை நான் லொறியில் போஞ்சி இறக்கும்போது கண்டுபிடிப்பேன். அடுத்த நாளே பதுளைக்குப் பஸ் ஏறினேன்.

ஆபீஸில் இருந்தவர் பதுளை டவுன் முஸ்லிம் ஆள், நல்ல தமிழ். நான் வளைக்கவில்லை, நேராகச் சொன்னேன். எங்கள் குளத்தில் அபூர்வமான குருவி குடியிருக்கிறது, முட்டை வைக்கிறது, குஞ்சு பொரிக்கிறது, நானே கண்ணால் பார்த்தேன், என் மச்சான் அதை அழிக்கப் பெக்கோ கொண்டுவருகிறான். முட்டையையும் குஞ்சையும் நான் பார்க்கவில்லைதான். போஞ்சிக்கு விலை சொல்கிறவன் கூட்டித்தான் சொல்லுவான், குறைப்பது வாங்குகிறவன் வேலை. குருவி எந்தப் பக்கத்தை அசிங்கமாக ஆட்டும் என்பதை எழுந்து நின்று ஆட்டியும் காட்டினேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வந்து பார்க்கிறேன் என்றார்.

வந்தார். ஆடி மாதம். காற்று ஆளைத் தள்ளுகிறது. நான், மச்சான், அந்த ஆபீசர் மூன்று பேரும் குளத்தைச் சுற்றி நடந்தோம். ஒரு குருவி இல்லை. கல்லுக்குப் பின்னால் பார்த்தோம், புல்லுக்குள் பார்த்தோம். தவளை கூட இல்லை. நான் கையைத் தட்டிப் பார்த்தேன். விசில் அடித்துப் பார்த்தேன்.

மச்சான் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டான். "அத்தான், குஞ்சு பொரிச்சதப் பாத்தேன்னு சொன்னீங்களாமே. குஞ்சு பால் குடிச்சிச்சா, பவுடர் கரைச்சுக் கொடுத்தீங்களா?"

"வாய மூடுடா."

"இல்ல, நீங்க வளத்த புள்ளையாச்சே, கூப்பிட்டா வரணுமே. பேரு என்னா வச்சிருக்கீங்க?"

ஆபீசர் இடையில் வந்தார். "ஐயா, நீங்க ஆட்டிக் காட்டினப்பவே எனக்கு விளங்கிட்டு. அது உள்ளான். இந்த மாசத்துல அது இங்க இராது. இங்க அது முட்டை வைக்கிறதே இல்ல."

பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன். அந்தக் குருவி முட்டை வைக்கிற நாடு வடக்கே எங்கேயோ இருக்கிறது. ரஷ்யா பக்கம், ஐரோப்பா பக்கம், இமயமலைக்கு அந்தப் பக்கமெல்லாம் ஆற்றங்கரைக் கல்லுக்கு நடுவில் தரையிலேயே கூடு கட்டும். அங்கே பனி விழ ஆரம்பித்தால் கிளம்பிவிடும். ஒரு கூட்டம் ஆப்பிரிக்காவுக்கு, ஒரு கூட்டம் இந்தியாவுக்கு, நம் நாட்டுக்கு, இன்னொன்று ஆஸ்திரேலியா வரைக்கும் போகும். கடற்கரை, வயல், தோட்டத்து ஓடை, தண்ணீரும் சேறும் இருக்கிற இடம் எதுவானாலும் சரி. இங்கே காற்று அடங்குகிற நேரத்தில் வரும், சித்திரை வருசம் தாண்டினால் போய்விடும்.

நான் அதைப் பார்த்ததெல்லாம் கரட் கழுவுகிற மாதங்களில். நாங்கள் தண்ணீருக்குச் சண்டை போடுகிற மாதங்களில் அது இல்லை. கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. ஆபீசர் சொல்லச் சொல்ல அந்தக் குருவி மேல்தான் எனக்கு எரிச்சல். தேவைப்படாதபோது காலுக்குள் வந்து ஆட்டினது, தேவைப்படும்போது ரஷ்யாவில் இருக்கிறது.

மச்சான் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான். "அப்ப சரி சார். இது நம்ம ஊருக் குருவி இல்ல. வந்து போற சாதி. பொறந்தது எங்கேயோ, இங்க வந்து தின்னுட்டுப் போகுது. அதுக்கு எதுக்கு இங்க ஒரு குளம்?"

அவன் யாருடைய மகன்? என் மாமனார் மகன். என் மாமனாரும் என் அப்பாவும் ஒரே கங்காணிக்குக் கீழே காலையில் பேர் பதியப் பெரட்டுக்கு நின்றவர்கள். வெலிமடைச் சந்தையில் ஒரு தடவை எடை குறைகிறது என்று என் அப்பா கேட்டதற்கு, கள்ளத்தோணிக்கு எதுக்கு எடை என்று ஒருத்தன் சொன்னான், இந்தியாவிலிருந்து களவாக வந்தவன் என்று. நான் பக்கத்தில் மூட்டையோடு நின்றேன். அப்பா குறைந்த எடைக்கே சாமானை வாங்கிக்கொண்டு வந்தார். அதே பேச்சை இவன் பேசுகிறான், அதுவும் எங்கள் ஆட்களுக்குள்ளேயே பிறந்தவன், நான் பார்த்துக் கொடுத்த காணியில் நின்றுகொண்டு.

"உன் அப்பன் கப்பல்ல வந்தவன்டா," என்றேன். "அவனும் வந்து தின்ன சாதிதான். உன்னையும் இங்கேருந்து அள்ளிரலாமா?"

"நான் மனுசன் அத்தான். குருவிய என்னோட சேக்காதீங்க."

"சேக்கல. அது உன்னைவிட நல்ல சாதி. தின்ன எடத்துல பெக்கோ வைக்காது."

ஆபீசர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பாறையில் கையை ஊன்றி நின்று, முடிவைச் சொன்னார். குருவி வருகிற மாதம் தான் திரும்ப வந்து பார்ப்பதாகச் சொன்னார். அது இந்தக் குளத்துக்கு வருகிறது என்று கண்டால் குளத்தை அப்படியே விட வேண்டும். வரவில்லை என்றால் காணி ஆபீஸில் அனுமதி எடுத்து மச்சான் வேலையை ஆரம்பிக்கலாம். அது வரைக்கும் யாரும் இதில் கை வைக்கக் கூடாது. பெக்கோ கூடாது, மம்பட்டி கூடாது.

நான் மச்சானைப் பார்த்தேன். இவ்வளவு சந்தோசத்தோடு என் கண் அவன்மேல் விழுந்ததில்லை.

"பம்ப்பும் கூடாது," என்றார் ஆபீசர்.

"அவன் பம்ப்தானே?" என்றேன்.

"ரெண்டு பேர்ட பம்ப்பும்தான் ஐயா. தண்ணி வத்தினா குருவிக்கு என்ன இருக்கு?"

"சார், மேல என் லீக்ஸ் நிக்குது."

"நீங்கதானே ஐயா பாதுகாக்கச் சொன்னது?"

மச்சான் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கொஞ்சம் சிரித்த பிறகுதான் தன் கிழங்கு ஞாபகம் வந்து நிறுத்தினான்.

அந்த ஆடி, ஆவணியை நான் மறக்க மாட்டேன். குளத்தில் தண்ணீர் நின்றது. மேலே லீக்ஸ் நுனியிலிருந்து கருகி வந்தது. கீழே அவன் கிழங்குச் செடி படுத்தது. நடுவில் தண்ணீர், யாருக்கும் இல்லாமல், வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் ஒரு கண் வைத்தேன், அவன் ஒரு கண் வைத்தான். ஒருத்தன் ஹோஸைத் தொட்டால் மற்றவன் ஆபீஸுக்குப் போன் பண்ணிவிடுவான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். என் வீட்டுக்காரி மட்டும் வாளியோடு இறங்கி, மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் அள்ளி வந்தாள். வாளிக்குத் தடை இல்லை.

"லீக்ஸுக்கும் ரெண்டு வாளி ஊத்தேன்," என்றேன்.

"ரஷ்யாக்காரன் கோவிச்சுக்குவான்," என்றாள்.

காற்று அடங்கிய ஒரு காலையில் அந்த விசில் கேட்டது. நான் டீக் கோப்பையோடு ஓடினேன். கரையோரச் சேற்றில் நின்று ஆட்டிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று. இளைத்திருந்தது. இந்தப் பெரிய கலவரத்துக்குக் காரணமான ஆள் இவ்வளவுதானா என்று பார்த்தேன். எனக்கு அதன்மேல் பாசம் ஒன்றும் வரவில்லை. என் லீக்ஸைத் தின்றுவிட்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் உடனே பதுளைக்குப் போன் போட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன் என்றார் ஆபீசர்.

நான் போனில் பேசியது கீழே கேட்டிருக்க வேண்டும். மத்தியானம் பார்த்தால் மச்சான் நாயை அவிழ்த்துக்கொண்டு குளத்துக்கு வருகிறான். நாய் குரைத்துக்கொண்டு சேற்றில் பாய்ந்தது. குருவி எழும்பி அந்தக் கரைக்குப் போனது. நாய் அங்கே போனது. மச்சான் மண்ணாங்கட்டி எடுத்து வீசினான்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினேன். முழங்காலுக்குச் சேறு. இந்த வயதில். நாயை ஒரு அதட்டு அதட்டினேன், அது ஓடிவிட்டது. குருவிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றேன்.

"விலகுங்க அத்தான். பட்டுரும்."

"போடு. நாளைக்கு ஆபீசர் வரும்போது மண்டையில காயத்தோட நிக்கிறேன்."

"உங்களுக்கு அந்தக் குருவி புடிக்கவே புடிக்காது. எனக்குத் தெரியும்."

"உன்னையும் புடிக்காது. அதுக்காக உன்மேல நாயை அவுத்து விட்டேனா?"

"நான் பெக்கோ வைக்கிறத விட்டுர்றேன். நீங்களும் ஆபீசரை விடுங்க. முன்ன மாதிரி ஆளுக்கொரு பம்ப் போட்டுக்குவோம்."

அவன் கையில் மண்ணாங்கட்டி இருந்தது. இந்தப் பேச்சை அவன் ஆனி மாதம் என் வாசலில் நின்று பேசியிருந்தால் டீயும் கொடுத்திருப்பேன். கிழங்கு போன பிறகு, என் லீக்ஸ் போன பிறகு பேசுகிறான். முகத்தைப் பார்த்தேன். இந்த வருசம் பம்ப், அடுத்த வருசம் பெக்கோ என்று எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் மட்டம். முகம் படிப்பதில் இல்லை.

"நாளைக்கு ஆபீசர் வருவாரு," என்றேன்.

அவன் கட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனான். நான் சாயங்காலம் வரைக்கும் கரையில் நின்றேன். குருவி எனக்குப் பக்கத்துக் கல்லில் வந்து நின்று ஆட்டியது. நன்றி காட்டுகிறது என்று எண்ண நான் முட்டாள் இல்லை. கல் அங்கே இருந்தது, அதனால் வந்தது.

ஆபீசர் வந்தார், பார்த்தார், படம் எடுத்தார். கொஞ்ச நாளில் குளத்தங்கரையில் ஒரு பலகை நட்டார்கள். கரட் கழுவலாம், வாளியில் அள்ளலாம். எஞ்சின் கூடாது, வெட்டக் கூடாது. நான் வெயில் காலத்தில் லீக்ஸ் போடுவதை விட்டுவிட்டேன். அந்த மாதங்களில் மேட்டுக் காணி புல் முளைத்துக் கிடக்கிறது. என்னைப்போலப் பாடுபட்டவன் காணி அப்படிக் கிடப்பது நல்லாவா இருக்கிறது? ஆனால் பள்ளத்துக் காணியும் அப்படித்தான் கிடக்கிறது. அதைப் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

இந்த வருசம் சித்திரை முடிந்து உள்ளான் போய்விட்டது. குளத்தைப் பார்க்க ஆபீசரும் வரமாட்டார். இந்தச் சமயத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். காலையில் ஒரு நாற்காலியைப் போட்டு நான் கரையில் உட்கார்ந்துவிடுகிறேன்.

போன வாரம் மச்சான் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவன் மகள் பெரியமனுசியாகிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை சடங்கு. என் வீட்டுக்காரிதான் அத்தை. தண்ணீர் ஊற்றுவதற்கு முதல் ஆளாக அவள் நிற்க வேண்டும், நானும் கூட நின்று தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். புதுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வாறீங்களா, இல்லையா?"

"நீ போயிட்டு வா. நான் குளத்தப் பாக்கணும்."

"வீட்டுல புள்ளைக்கு விசேசம் வச்சுக்கிட்டு அன்னைக்கா வந்து பம்ப் போடுவான்?"

"அன்னைக்குத்தான் போடுவான்," என்றேன். "நானா இருந்தா அன்னைக்குத்தான் போடுவேன்."

அவள் தனியாகத்தான் போனாள்.